ஸ்பெயின்ல 'கயாவோ'ன்னா கூழாங்கல்லாம், இது கெல்ட் வார்த்தையா, நம்ம 'கல்'லுக்கு சொந்தமா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வந்துட்டு இருந்தேன், இன்னிக்குதான் முதல் கேள்வி போடறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆபீஸ் வேலையா மூணு மாசமா மாட்ரிட்ல இருக்கேன். தினமும் நான் இறங்கற மெட்ரோ ஸ்டேஷன் பேரு கயாவோ. கிரான் வியா ரோட்டு மேலயே இருக்கு, மேல ஏறி வந்தா அதே பேர்ல ஒரு சதுக்கம். எழுத்துல பார்த்தா சி, ஏ, அப்புறம் ரெட்டை எல், ஏ, ஓ. ஏதோ ஆள் பேரு போலன்னு ஒரு மாசம் கண்டுக்கவே இல்ல. ஒரு நாள் ட்ரெயின்ல உக்காந்துகிட்டு சும்மா டிக்‌ஷனரில போட்டேன், 'கூழாங்கல்'னு வந்துச்சு. அப்படியே நிமிர்ந்து உக்காந்துட்டேன்.

எங்க டீம்ல டெனரீஃப் தீவுக்காரர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கேட்டா, "ஆமா, எங்க பக்கம் நிறைய பீச்ல மணல் கிடையாது, கயாவோதான்"னு சாதாரணமா சொல்றார். ஆனா மாட்ரிட்லயே பொறந்து வளர்ந்தவங்க கிட்ட கேட்டா, ஸ்டேஷன் பேரா தெரியும், கல்லுன்னு யாரும் சொல்றதில்ல. அவங்களுக்கு கூழாங்கல்லுன்னா கிஹார்ரோ, இல்லன்னா காந்தோ ரொதாதோ, அதாவது உருண்டு வந்த கல்.

இப்ப என் சந்தேகம் ரெண்டு. முதல்ல, இந்த வார்த்தைக்கு கெல்ட் மொழிதான் மூலம்னு போட்டிருக்கு. கெல்ட்னா அயர்லாந்து, வேல்ஸ் அந்த பக்கம்தானே, ஸ்பெயின்ல அவங்களுக்கு என்ன வேலை? ரெண்டாவது, இதோட பழைய வடிவம் 'கல்ய'ன்னு ஆரம்பிக்குதாம். நம்ம கல்! இத எங்க வீட்டு வாட்ஸப் குரூப்ல போட்டேன், பெரியப்பா உடனே "உலகத்துக்கே கல்லுன்னு பேர் வச்சது நாமதான்"னு பதில் போட்டுட்டார். எனக்கும் அப்படி இருக்கணும்னு ஆசைதான், ஆனா ஆசைப்பட்டா மட்டும் போதாதுல்ல. தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

சொல்தேடி:

வாங்க வைகைக்கரை, முதல் கேள்வியே நல்ல கேள்வி. இந்த வார்த்தைய நான் பல வருஷமா துரத்திட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கெல்ட்னா அயர்லாந்து மட்டும்தான்னு நாம நினைக்கறதுக்கு காரணம் இன்னிக்கு அந்த மொழிகள் அந்த ஓரத்துலதான் உயிரோட மிஞ்சி இருக்கு. ரோமானியர் வர்றதுக்கு முன்னாடி இன்னிக்கு பிரான்ஸ்னு சொல்ற இடம் பெரும்பாலும் கெல்ட் பேசின இடம்தான், அந்த மொழிய கால் (Gaul) மொழின்னு சொல்வாங்க. ஸ்பெயின்ல எப்ரோ, துவேரோ ஆறுகளோட மேல்பகுதில கெல்டிபேரியர்னு இருந்தாங்க, சோரியா பக்கத்துல அவங்களோட நுமான்சியா கோட்டைய கிமு 133ல ரோமானியர் முற்றுகை போட்டு பட்டினி போட்டு பிடிச்சாங்க. இவங்க கெல்ட் பேசினாங்கங்கறது ஊகம் இல்ல, எழுத்தே கிடைச்சிருக்கு. சரகோசா பக்கத்துல பொதொர்ரீத்தான்னு ஒரு ஊர்ல 1970ல ஒரு வெண்கலத் தகடு கிடைச்சுது, ரெண்டு பக்கமும் எழுத்து. எழுத்து பக்கத்துல இருந்த ஐபீரியர்களோடது, மொழி கெல்ட். வடக்கு, மேற்கு பக்கம் பூரா 'பிரிகா'ன்னு முடியற பழைய ஊர்ப் பேர் நிறைய, கோனிம்பிரிகா, செகோபிரிகா மாதிரி, பிரிகான்னா மேட்டுக் கோட்டை. போர்ச்சுகல்ல இருக்கற கோயிம்ப்ரா ஊர் பேரும் அந்த கோனிம்பிரிகாதான். ஆக அங்க கெல்ட்காரங்களுக்கு வேலை இருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு.

ஆனா முக்கியமான விஷயம் இனிமேதான் வருது. ஸ்பெயின்ல கெல்ட்காரங்க இருந்தாங்க, கயாவோ கெல்ட் வார்த்தை, அதனால அந்த கெல்ட்காரங்க விட்டுட்டு போனதுதான் இதுன்னு டக்குனு முடிச்சிட கூடாது. நிறைய பேர் அங்கதான் வழுக்கி விழறாங்க. இந்த வார்த்தை ஸ்பானிஷுக்கு போர்ச்சுகீஸ்லேர்ந்து வந்தது. போர்ச்சுகீஸ்ல இது கல்யாவ். அத எப்படி சொல்றோம்னு பாருங்க.

லத்தீன்ல லகரத்துக்கு பின்னாடி ஒரு யகரம் ஒட்டி வந்தா போர்ச்சுகீஸ்ல அது 'ல்ய'ன்னு ஆகும், எழுதும்போது எல்லும் ஹெச்சும் சேர்த்து எழுதுவாங்க. அதே இடத்துல ஸ்பானிஷ்ல ஜே வரும், இப்ப அத தொண்டைலேர்ந்து 'ஹ'ன்னு சொல்றாங்க. மகன்னா போர்ச்சுகீஸ்ல ஃபில்யு, ஸ்பானிஷ்ல இஹோ. இலைன்னா அங்க ஃபொல்யா, இங்க ஓஹா. வைக்கோலுக்கு பல்யா, பாஹா. இது ஏதோ ரெண்டு மூணு வார்த்தைல நடந்தது இல்ல, வரிசையா நடந்திருக்கு. அப்போ 'கல்ய'ன்னு ஆரம்பிக்கற வார்த்தை ஸ்பானிஷ்லயே ஆதிலேர்ந்து இருந்திருந்தா அது கஹன்னுதான் ஆரம்பிச்சிருக்கணும். ஆனா அது ரெட்டை எல்லோட நிக்குது. ஏன்னா அந்த மாற்றம் எல்லாம் முடிஞ்சு போன பிறகு போர்ச்சுகீஸ்காரங்க வாயிலேர்ந்து கேட்டு அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

உங்க டெனரீஃப் நண்பர்கிட்ட இன்னொன்னு கேட்டு பாருங்க, மக்காச்சோளத்துக்கு அவங்க ஊர்ல என்ன பேருன்னு. மீயோன்னு சொல்வார், அதுலயும் ரெட்டை எல்தான். போர்ச்சுகீஸ்ல அது மில்யு. லத்தீன்ல மிலியும். அதே லத்தீன் வார்த்தை ஸ்பானிஷ்ல தானா வளர்ந்து மீஹோன்னு ஆச்சு, அதுக்கு இன்னிக்கு அர்த்தம் தினை. அதாவது ஒரே தானியப் பேரு, வீட்டுல வளர்ந்த பிள்ளை மீஹோ, கடல் வழியா வந்த பிள்ளை மீயோ. கயாவோவும் அந்த ரெண்டாவது பிள்ளை மாதிரிதான்.

டெனரீஃப் இருக்கற கனாரித் தீவுகள ஸ்பெயின் பிடிச்சது 15ஆம் நூற்றாண்டுல. ஆனா அங்க போய் குடியேறினவங்கள்ல போர்ச்சுகீஸ்காரங்க ரொம்ப அதிகம், கரும்புத் தோட்டம், மீன்பிடின்னு. அவங்க கூட போன வார்த்தைங்க இன்னிக்கும் தீவுல புழங்குது, மாட்ரிட்ல இல்ல. நீங்க பார்த்த வித்தியாசம் இதுதான்.

லிஸ்பன்மழை:

சொல்தேடி அண்ணா எழுதினதுக்கு அப்புறம் நான் என்ன சொல்றது, ஆனா கல்யாவ் பக்கத்துல இருந்து பார்த்தவன்ங்கற முறைல ரெண்டு விஷயம்.

நான் லிஸ்பன்ல எட்டு வருஷமா இருக்கேன். இங்க தினப் பேச்சுல கல்யாவ்னா வெறும் கல்லு, கைக்கு அடங்கற கல்லு, அழகான கூழாங்கல்லுன்னு அவ்வளவு நுணுக்கமா எல்லாம் இல்ல. கொஞ்சம் பளபளன்னு தேய்ஞ்ச சின்னக் கல்லுக்கு செய்ஷுன்னு வேற வார்த்தை இருக்கு, அது சுத்தமான லத்தீன், சாக்ஸும்கற வார்த்தைலேர்ந்து. லிஸ்பன் ஆத்துக்கு அக்கரைல செய்ஷால்னு ஒரு ஊரே இருக்கு, கூழாங்கல் நிறைஞ்ச இடம்னு அர்த்தம். யாராவது எவ்வளவு சொன்னாலும் புரிஞ்சுக்கலன்னா "கண்ணு வச்ச கல்யாவ்"னு சொல்வாங்க, நம்ம ஊர்ல மண்டைல களிமண்ணுன்னு சொல்ற மாதிரி. பிரேசில் பத்திரிகைக்காரங்க பாஷைல இதுக்கு இன்னொரு அர்த்தம், பேப்பர்ல விளம்பரம் வராம காலியா போன இடத்த நிரப்ப போடற சொந்த விளம்பரத்துக்கு கல்யாவ்னு பேரு. குழில கல்லப் போட்டு ரொப்பற மாதிரின்னு நினைச்சுக்கிட்டா சரியா இருக்கும்.

ஆனா அந்த வார்த்தை உண்மைல எங்க வாழுதுன்னு தெரியணும்னா போர்ச்சுகலோட மதெய்ரா தீவுக்கு போகணும். ரெண்டு வருஷம் முன்னாடி குடும்பத்தோட போயிருந்தேன். எரிமலைத் தீவு, மணல் பீச் ரொம்ப அபூர்வம், பக்கத்துல இருக்கற போர்த்து சாந்து தீவுலதான் ஒம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் இருக்கு. ஃபுன்ஷால் ஊர்ல ப்ராயா ஃபொர்மோசான்னு கடற்கரை, அங்க போய் நின்னா காலுக்கு கீழ பூரா கறுப்பு கல்யாவ். எரிமலைக் கல் உடைஞ்சு அலைல உருண்டு உருண்டு முட்டை மாதிரி ஆனது, சிலது எலுமிச்சம்பழ சைஸ், சிலது தேங்கா சைஸ். செருப்ப கழட்டிட்டு நடக்கவே முடியல, என் பொண்ணு நாலு அடி வச்சதும் தூக்குன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அலை வரும்போது சத்தம் இல்ல, அலை திரும்பி போகும்போதுதான் சத்தம். தண்ணி உள்ள இழுக்கும்போது ஆயிரக்கணக்கான கல்லு ஒண்ணு மேல ஒண்ணு உரசி உருண்டு, மூட்டை கணக்குல பாக்குக் கொட்டைய சாக்குலேர்ந்து கொட்டற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு நிமிஷம் அமைதி, மறுபடி. அன்னிக்கு ராத்திரி தங்கின ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அங்க இருக்கறவங்க பீச்சுக்கு போறேன்னு சொல்றதுக்கு பதிலா கல்யாவுக்கு போறேன்னு சொல்றத அங்கதான் கேட்டேன். கல்லோட பேரே கரைக்கு பேரா ஆயிடுச்சு.

கேப் வெர்டேல சாவ் விசெந்தே தீவுல கல்யாவ்னு ஒரு மீன்பிடி கிராமமே இருக்கு. போர்ச்சுகீஸ் கப்பல் போன இடத்துல எல்லாம் இந்தக் கல்லு விழுந்து கிடக்கு அண்ணா.

புதுவைப்பொண்ணு:

இருபது வருஷமா பிரெஞ்சு சொல்லிக் குடுக்கறேன், அதனால இந்த திரில நுழையாம இருக்க முடியல. பிரெஞ்சுல கூழாங்கல்லுக்கு காயூன்னு பேரு, பசங்களுக்கு ரெண்டாம் வருஷத்துலயே வந்துடும், ஏன்னா பன்மைல எஸ் போடாம எக்ஸ் போடற ஏழு வார்த்தைல இதுவும் ஒண்ணு, ராகம் போட்டு மனப்பாடம் பண்ண வைப்போம். இதுவும் உங்க கல்யாவும் ஒரே வேர். கால் மொழில 'கல்யாவோ'ன்னு ஒரு வடிவம் இருந்திருக்கணும்னு சொல்றாங்க.

கடைசில வர்ற ஊகாரத்த பாருங்க. லத்தீன்ல ஆவும்னு முடிஞ்சது பிரெஞ்சுல ஊன்னு ஆகும். ஆணிக்கு லத்தீன்ல க்ளாவும், பிரெஞ்சுல க்ளூ. கால் இனக்குழுக்கள் பேர்ல வந்த பழைய மாகாணங்கள் அஞ்சூ, புவாத்தூ, ரெண்டும் அப்படி முடிஞ்சதுதான். காயூவும் அதே அச்சுல வார்த்தது.

முன்னாடி வர்ற ககரம்தான் சுவாரசியம். பாரிஸ் பக்கத்து பிரெஞ்சுல லத்தீனோட 'க' பெரும்பாலும் 'ஷ' ஆயிடும், பழைய காலத்துல 'ச்ச'. அப்படி பார்த்தா இது ஷாயூன்னு இருக்கணும், பழைய பிரெஞ்சுல அப்படி வடிவமும் இருந்துச்சு. ஆனா வடக்குல நார்மண்டி, பிக்கார்டி பக்கம் ககரம் மாறாம நின்னுச்சு, அந்த வடக்கத்தி வடிவம் ஜெயிச்சு பொது பிரெஞ்சுக்குள்ள வந்துடுச்சு. என் மாணவர்களுக்கு இத கிரிக்கெட் வச்சுதான் சொல்லுவேன். கேட்ச், சேஸ் ரெண்டும் ஒரே லத்தீன் வார்த்தை. நார்மண்டிக்காரங்க வழியா இங்கிலீஷுக்கு போனது கேட்ச், நடு பிரான்ஸ் வழியா போனது சேஸ். க நின்ன இடம் எது, ச ஆன இடம் எதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

எனக்கு ஒரு கேள்வி. லத்தீன்லயே கூழாங்கல்லுக்கு கால்குலுஸ்னு இருக்கே, அத வச்சுதான ரோமானியர் கணக்கு போட்டாங்க, நம்ம கால்குலேட்டர் அதுலேர்ந்துதான. கல்யாவ் ஏன் அதுலேர்ந்து வந்திருக்க கூடாது? நேரா லத்தீன்னே முடிஞ்சிருமே, நடுவுல கெல்ட் எதுக்கு?

சொல்தேடி:

புதுவைப்பொண்ணு அக்கா, இந்த கேள்விய நீங்க கேட்டது ரொம்ப நல்லது. கிட்னில கல்லுன்னு நாம சொல்றத ஸ்பானிஷ்லயும் போர்ச்சுகீஸ்லயும் இன்னிக்கும் கால்குலோன்னுதான் சொல்றாங்க, அது படிச்சவங்க புத்தகத்துலேர்ந்து பின்னாடி எடுத்து வச்சுக்கிட்ட வார்த்தை, அதனாலதான் உரு மாறாம இருக்கு. மக்கள் வாய் வழியா தேய்ஞ்சு வந்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும். ஒரு மெய்யெழுத்துக்கு பின்னாடி 'க்ல' வந்தா இந்த ரெண்டு மொழிலயும் 'ச்ச' மாதிரி ஆயிடும். மாஸ்குலுஸ்னு லத்தீன், ஆண்னு அர்த்தம், அதுதான் மாச்சோ ஆச்சு, நம்ம சினிமா விமர்சனத்துல கூட எழுதறாங்கல்ல அதே மாச்சோ. கால்குலுஸும் அதே மாதிரி நடுவுல சகரம் வச்ச ஒரு வார்த்தையாத்தான் ஆகியிருக்கும், கல்யாவ்னு ஆக வழியே இல்ல. அதோட கடைசில இருக்கற 'ஆவ்' எங்கேர்ந்து வந்துச்சுன்னும் அதுல பதில் கிடைக்காது.

கெல்ட் பக்கம் போனா ஒட்டுது. வேல்ஸ் மொழில கய்ல்னு ஒரு வார்த்தை, பிரான்ஸோட வடமேற்குல பேசற கெல்ட் மொழியான ப்ரெத்தோன்ல கெல், ரெண்டுக்கும் அர்த்தம் விரை. சிரிக்காதீங்க, இது ரொம்ப முக்கியமான சாட்சி. கெட்டியா உருண்டையா இருக்கறதுக்கு ஒரே பேரு வைக்கறது எங்கயும் நடக்கறதுதான், நாமளும் மாங்கொட்டைக்கும் அதுக்கும் ஒரே வார்த்தைதான வச்சிருக்கோம். ஆக பழைய கெல்ட்ல 'கல்ய'ன்னா கெட்டியான உருண்டைன்னு ஒரு அர்த்தம் இருந்திருக்கு. இன்னொரு சாட்சி நேரா கால் மொழிலேர்ந்தே. பிரான்ஸ்ல இருக்கற போர்தோவைச் சேர்ந்த மார்செல்லுஸ்னு ஒருத்தர், கிபி 400 வாக்குல லத்தீன்ல ஒரு மருத்துவ நூல் எழுதினார், அதுல ஒரு மூலிகைக்கு கால்காரங்க கல்லியோமார்க்குஸ்னு சொல்வாங்க, லத்தீன்ல குதிரைக் குளம்புன்னு பேருன்னு குறிச்சிருக்கார். மார்க்குஸ்னா குதிரை, வேல்ஸ்ல இன்னிக்கும் மார்ஹ். அப்போ கல்லியோதான் குளம்பு. கெட்டியானது, கல்லு மாதிரி இருக்கறது. அந்த இலைய பார்த்தா நிஜமாவே குளம்பு அச்சு மாதிரிதான் இருக்கும். செத்துப் போன ஒரு மொழிலேர்ந்து இந்த மாதிரி ஒரே ஒரு வார்த்தை வைத்தியக் குறிப்புல தப்பிச்சு வந்து 1600 வருஷம் கழிச்சு நமக்கு சாட்சி சொல்றத நினைச்சா எனக்கு சிலிர்க்கும்.

பழையகல்வெட்டு:

எல்லாம் சரி, ஆனா ரெண்டு இடத்துல பிரேக் போடணும்.

ஒண்ணு, 'கல்யாவோ'ங்கற முழு வடிவம் எந்த கல்வெட்டுலயும் தகட்டுலயும் கிடைக்கல. அது பின்னாடி வந்த மொழிகள வச்சு கட்டின வடிவம், அதனாலதான் நூல்கள்ல முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதுவாங்க. புது ஆளுங்க அந்த நட்சத்திரத்த மறந்துட கூடாது.

ரெண்டாவது, போர்ச்சுகீஸ் கல்யாவே அந்த மண்ணுல பொறந்ததான்னு பார்க்கணும். அக்கா ஆணி உதாரணம் குடுத்தாங்கல்ல, க்ளாவும். அது போர்ச்சுகீஸ்ல என்ன ஆச்சு? க்ராவு. வகரம் அப்படியே நிக்குது. அப்போ கல்யாவும்னு ஒண்ணு ரோமானியர் காலத்துலேர்ந்து போர்ச்சுகல்லயே இருந்திருந்தா கல்யாவுன்னு வகரம் தெளிவா ஒலிக்கற மாதிரி இருந்திருக்கணும், இன்னிக்கு இருக்கற மாதிரி ஏயும் யூவும் ஒட்டின ஈருயிரா இருந்திருக்காது. அதனால இது பிரான்ஸோட மேற்குக் கரைலேர்ந்து கடல் வழியா போர்ச்சுகலுக்கு போயிருக்கணும்னு ஒரு கருத்து இருக்கு. இல்ல, அங்கயேதான் இருந்துச்சுன்னும் ஒரு கருத்து இருக்கு. என் ஓட்டு கடலுக்குத்தான். லுசித்தானியான்னு ரோமானியர் சொன்ன அந்த போர்ச்சுகல் பகுதில பேசின பழைய மொழியே கெல்ட் இல்லன்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. கெல்ட் மொழிகள்ல பழைய பகரம் விழுந்துடும், லத்தீன்ல பன்றி போர்குஸ், பழைய ஐரிஷ்ல ஓர்க். ஆனா கபெசு தஸ் ஃப்ராகுவாஸ்ங்கற மலை உச்சில இருக்கற லுசித்தானியக் கல்வெட்டுல பன்றி பலி குடுக்கறத சொல்லும்போது போர்கோம்னு பகரத்தோடயே வெட்டியிருக்காங்க.

இப்ப வைகைக்கரையோட ரெண்டாவது கேள்வி. தம்பி, எனக்கும் தமிழ்தான் உயிர், அதனாலதான் நேராவே சொல்றேன், கல்லுக்கும் கல்யாவுக்கும் உறவு இல்ல. ஒரு வார்த்தை ஒலியும் பொருளும் ஒத்துப் போறது எந்த ரெண்டு மொழிக்கு நடுவுலயும் நடக்கும். ஆஸ்திரேலியாவோட பழங்குடி மொழி ஒண்ணு, ம்பாபராம்னு பேரு, அதுல நாய்க்கு 'டாக்'னுதான் பேரு. இங்கிலீஷோட எந்த தொடர்பும் இல்லாம தானா அப்படி வந்தது. உறவு இருந்தா என்ன தெரியணும்? மேல சொல்தேடி காட்டின மாதிரி ஒரு ஒலி மாறினா வரிசையா எல்லா வார்த்தைலயும் மாறணும், மகன், இலை, வைக்கோல்னு. தமிழுக்கும் கெல்ட்டுக்கும் அப்படி ஒரு வரிசை போட முடியாது. தலை, கை, நீர், தீ, எத எடுத்து வச்சாலும் நிக்காது.

நம்ம கல்லுக்கு சொந்தக்காரங்க இல்லாம இல்ல. மலையாளம், கன்னடம், துளு எல்லாத்துலயும் கல்லு. அதவிட பெருசு, பாகிஸ்தான்ல பலுச்சிஸ்தான் மலைல பேசற பிராகுயி மொழில கல்லுக்கு ஃகல்னு பேரு, அங்க ககரம் தொண்டைலேர்ந்து உரசி வரும், அதுவும் சில வார்த்தைல வரிசையா நடக்கற மாற்றம்தான். கண்ணுக்கு அவங்க ஃகன்னு சொல்றாங்க, அதே உரசல். வைகைக்கும் பலுச்சிஸ்தானுக்கும் எவ்வளவு தூரம்னு பெரியப்பாவ மேப்ல பார்க்க சொல்லுங்க. இத அவருக்கு அனுப்புங்க, போர்ச்சுகல் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்ல.

லிஸ்பன்மழை:

கல்வெட்டு சார், ஒரு சின்ன சேர்க்கை. தமிழுக்கும் இந்த கதைக்கும் நிஜமான தொடர்பு ஒண்ணு இருக்கு, அது வேற பக்கம். நாம உடம்பு துடைக்கற துவாலை போர்ச்சுகீஸ் துவல்யாலேர்ந்து வந்தது, அதுலயும் அதே எல்-ஹெச்தான். ஸ்பானிஷ்காரங்க காதுல அந்த ஒலி ரெட்டை எல்லா விழுந்துச்சு, நம்ம காதுல லகரமா விழுந்துச்சு. கல்யாவ நம்ம ஆளுங்க வாங்கிக்கல, நமக்கு கூழாங்கல்லுக்கு வார்த்தை தேவைப்படல போல. சாவியும் அப்படித்தான், லத்தீன்ல க்ளாவெம், அது ஸ்பானிஷ்ல யாவே ஆச்சு, போர்ச்சுகீஸ்ல சகரமா மாறி சாவி ஆகி நம்ம வீட்டு ஆணில தொங்குது. அது ஸ்பானிஷ்லேர்ந்து வந்திருந்தா நாம யாவின்னு சொல்லிட்டு இருப்போம்.

சொல்தேடி:

அருமை லிஸ்பன்மழை. தினமும் நாம வாயில போடற கெல்ட் வார்த்தைன்னா அது கார். கால் மொழில கர்ரோஸ்னா வண்டி, லத்தீன் வாங்கிக்கிட்டு கர்ருஸ்னு ஆக்குச்சு, நார்மண்டி வழியா இங்கிலீஷ், அங்கேர்ந்து நமக்கு. ஸ்பானிஷ் கார்ரோவும் அதேதான்.

கல்வெட்டு சார் கடலுக்கு ஓட்டு போட்டத நானும் ஏத்துக்கறேன், நான் முன்னாடி மண்ணுல பொறந்ததுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன், க்ராவு உதாரணம் என்ன மாத்திடுச்சு.

வைகைக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, ஒரு ஸ்டேஷன் பேருக்கு இவ்வளவா. பெரியப்பாவுக்கு பிராகுயி விஷயத்த அனுப்பினேன், அவர் ஒரு மணி நேரம் கழிச்சு பலுச்சிஸ்தான் மேப்ப போட்டோ எடுத்து குரூப்ல போட்டு "நம்ம ஆளுங்க"ன்னு எழுதியிருக்கார், ரொம்ப சந்தோஷம் அவருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, மாட்ரிட்ல யாருமே கயாவோன்னு சொல்றதில்லன்னா ஸ்டேஷனுக்கு எப்படி அந்த பேரு? ரெண்டு, கல்யாவ் கப்பல்ல வந்ததுன்னா, ஐபீரியாலயே, அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் மண்ணுலயே பொறந்து வளர்ந்த கெல்ட்காரங்க தன் வாயால சொன்ன கூழாங்கல் வார்த்தை ஒண்ணு கூடவா மிஞ்சல?

சொல்தேடி:

முதல் கேள்வி சுலபம். பெருல லிமாவோட துறைமுகம் எல் கயாவோ. லிமாவ ஸ்பானிஷ் படைத் தலைவர் பிசாரோ 1535ல நிறுவினார், துறைமுகம் அது கூடவே வளர்ந்தது. அந்த கடற்கரைல கூழாங்கல் நிறைய, அதனால கப்பல்காரங்க வச்ச பேருன்னுதான் பெரும்பாலும் விளக்கம் சொல்றாங்க. 1866 மே 2ஆம் தேதி ஸ்பெயின் கப்பல் படை அந்த துறைமுகத்த குண்டு போட்டு தாக்குச்சு, அந்த சண்டை நினைவாத்தான் மாட்ரிட் சதுக்கத்துக்கு பேரு. கால் மொழி, அப்புறம் பிரான்ஸோட கரை, போர்ச்சுகல், அங்கேர்ந்து ஸ்பானிஷ் கப்பல் ஏறி பெரு, மறுபடி மாட்ரிட். கடல் பக்கமே இல்லாத ஒரு ஊருக்கு ரெண்டு சமுத்திரம் சுத்தி வந்து சேர்ந்திருக்கு.

ரெண்டாவது கேள்விக்கு நீங்க கலீசியாவுக்கு போகணும், ஸ்பெயினோட வடமேற்கு மூலை, போர்ச்சுகலுக்கு மேல. அங்க பேசற கலீசிய மொழி போர்ச்சுகீஸுக்கு கூடப் பொறந்தது. அதுல உருண்ட கூழாங்கல்லுக்கு க்ரோயோன்னு ஒரு வார்த்தை. பழத்தோட கொட்டைக்கு க்ரோயா, பெண்பால் விகுதி போட்டா அவ்வளவுதான். மறுபடி பாருங்க, கல்லும் கொட்டையும் ஒரே வேர். இதுக்கு மூலமா சொல்றது பழைய கெல்ட்ல கடினம், கெட்டின்னு அர்த்தம் வர்ற ஒரு சொல், ஐரிஷ்ல இன்னிக்கும் க்ரூஆன்னா கடினமானது. இது பிரெஞ்சுல இல்ல, கப்பல் ஏறி எங்கயும் போகல, மாட்ரிட்ல யாருக்கும் தெரியாது. ரோமானியர் வர்றதுக்கு முன்னாடி அந்த மலைக் கோட்டைகள்ல இருந்தவங்க சொன்னது, லத்தீன் மேல வந்து மூடின பிறகும் அடில கிடந்துச்சு. கேட்டீங்கல்ல, ஐபீரிய கெல்ட்காரங்களோட சொந்தக் கூழாங்கல்னு, என் பார்வைல அந்த இடத்துக்கு கல்யாவ் இல்ல, க்ரோயோதான் பொருத்தம். பேர் வாங்கினது கல்யாவ், ஆனா வீட்ட விட்டு நகராதது இது.

புதுவைப்பொண்ணு:

இத படிச்சதும் ஒண்ணு தோணுது, சின்ன விஷயத்துக்கான வார்த்தைங்கதான் அடில தங்குது. அரசன், கோயில், சட்டம் எல்லாத்துக்கும் லத்தீன் வந்துடுச்சு, ஆத்தங்கரைல பொறுக்கற கல்லுக்கு பாட்டி சொன்ன பேரே நின்னுடுச்சு. பிரெஞ்சுலயும் அப்படித்தான், ஏர் கலப்பை, செம்மறி ஆடு, சேறு, மரத்துல ஓக்கு, இதெல்லாம் கால் மொழி மிச்சம்.

வைகைக்கரை:

அப்டேட். இன்னிக்கு லஞ்ச்ல டெனரீஃப் நண்பர்கிட்ட மக்காச்சோளத்துக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு கேட்டேன். யோசிக்காம மீயோன்னார். பக்கத்துல உக்காந்திருந்த மாட்ரிட் பொண்ணு "அப்படி ஒரு வார்த்தையா, மாயிஸ்னுதான சொல்லணும்"னு கேட்டா. அவர் கொஞ்சம் வெக்கப்பட்டு, இது எங்க கிராமத்து பேச்சு, தப்பா இருக்கும், வீட்டுல மட்டும்தான் சொல்வோம்னார். நான் பேப்பர் நாப்கின்ல மிலியும், மில்யு, மீயோ, பக்கத்துலயே கல்யாவ், கயாவோன்னு அம்புக்குறி போட்டு காட்டினேன், என் ஸ்பானிஷ் பாதி தப்பு, ஆனா அவருக்கு புரிஞ்சுது. தப்பு இல்ல, போர்ச்சுகல்லேர்ந்து உங்க தாத்தாவோட தாத்தாங்க எடுத்துட்டு வந்ததுன்னு சொன்னேன். அந்த நாப்கின்ன மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டார், அம்மாவுக்கு போட்டோ அனுப்பணுமாம்.

அடுத்த மாசம் நாலு நாள் லீவு இருக்கு, கலீசியாவுக்கு பஸ் டிக்கெட் பார்த்துட்டு இருக்கேன். க்ரோயோன்னு யார் வாயிலயாவது கேட்டா இங்க வந்து எழுதறேன் சொல்தேடி அண்ணா.